வெள்ளைச் சுண்டெலியோடு காட்டெலியைச் சேர்க்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

பனிக்காலம் தொடங்கியதும் நீலகிரி வாசகர்களிடமிருந்து எலிகளைப் பற்றிய கடிதங்கள் கூடுதலாக வருகின்றன. வெளியே குளிர் ஏற ஏற, தோட்டத்திலும் புதரிலும் இருந்த சிற்றெலிகள் வீட்டின் சூட்டையும் தானியத்தையும் தேடி உள்ளே வருவதே அதற்குக் காரணம். இம்முறை வந்த கடிதங்களில் பல, வீட்டில் செல்லமாக வளர்க்கும் வெள்ளைச் சுண்டெலிகளையும் வெளியிலிருந்து வந்தவற்றையும் ஒன்றாக வைப்பதைப் பற்றியவை. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகள், கோயம்புத்தூரில் வாங்கிய இரண்டு பெண் வெள்ளைச் சுண்டெலிகளைப் பழைய மீன் தொட்டியில் வளர்க்கிறாள். சென்ற வாரம் சமையலறையில் வைத்த கூண்டுப் பொறியில் பழுப்பு நிறச் சுண்டெலி ஒன்று மாட்டியது. அதைக் கொல்லக் கூடாது என்று அவள் அழுததால், துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். "எல்லாம் ஒரே இனம்தானே அம்மா, சேர்த்து விட்டால் அதற்கும் துணை கிடைக்கும்" என்கிறாள். சேர்க்கலாமா? – வாசகி, கோத்தகிரி

சேர்க்க வேண்டாம். இதைப் படித்தவுடன் அந்த டப்பாவைத் தொட்டி இருக்கும் அறையிலிருந்தே வெளியே எடுத்துவிடுங்கள்.

உங்கள் மகள் சொல்வதில் உண்மை இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைகளில் விற்கப்படும் வெள்ளைச் சுண்டெலியும் நம் அரிசி டின்னைச் சுற்றி வரும் பழுப்புச் சுண்டெலியும் 'மஸ் மஸ்குலஸ்' என்ற ஒரே இனத்தைச் சேர்ந்தவை. சீனாவிலும் ஜப்பானிலும் பிற்பாடு ஐரோப்பாவிலும் மனிதர்கள் நிறத்துக்காகவும் சாதுவான குணத்துக்காகவும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய வீட்டுச் சுண்டெலிகளின் வழிவந்தவையே இன்றைய வெள்ளைச் சுண்டெலிகள். இங்கிலாந்தில் 1895-ஆம் ஆண்டிலேயே சுண்டெலி வளர்ப்போர் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டு, கண்காட்சிகளில் அவற்றுக்குப் பரிசும் வழங்கப்பட்டது. பின்னர் ஆய்வுக்கூடங்களுக்குப் போனவையும் அந்த வழியில் வந்தவையே.

ஆனால் ஒரே இனம் என்பதுதான் இங்கே ஆபத்தின் வேர். ஒரு கிருமியோ ஒட்டுண்ணியோ ஓர் உயிரினத்திலிருந்து வேறோர் உயிரினத்துக்குத் தாவுவதற்குப் பல தடைகள் உண்டு. ஒரே இனத்துக்குள் அந்தத் தடைகள் இல்லை. வெளியிலிருந்து வரும் சுண்டெலியின் மயிர்க்கால்களில் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் இருக்கலாம். அவை மயிரின் அடியில் முட்டைகளை ஒட்டிவைப்பதால் ஒருமுறை தொட்டிக்குள் நுழைந்துவிட்டால் எளிதில் ஒழியாது. கழுத்திலும் முகத்திலும் அரிப்பெடுத்து, சொறிந்து சொறிந்தே புண்ணாகிப் போன வெள்ளைச் சுண்டெலிகளை மருந்தகத்தில் அடிக்கடி பார்க்கிறோம். குடலில் வாழும் கீரிப்பூச்சி அதன் எச்சத்தின் வழியே பரவும். சுண்டெலிகளின் ஈரலையும் குடலையும் தாக்கும், கொரோனா வகையைச் சேர்ந்த வைரஸ் ஒன்று உண்டு. அது மனிதருக்கு வராது, ஆனால் மூச்சாலும் எச்சத்தாலும் தொட்டி விட்டுத் தொட்டி பரவிக் குட்டிகளைக் கொத்தாகக் கொன்றுவிடும். வெளியில் வளர்ந்த சுண்டெலி இவற்றை உடலில் சுமந்துகொண்டே வெளித்தோற்றத்துக்கு நலமாகத் திரியலாம். கூண்டிலேயே பிறந்து வளர்ந்த உங்கள் வெள்ளைச் சுண்டெலிகளோ இவற்றில் எதையும் சந்தித்திராமல் இருக்கலாம். டப்பாவைத் தொட்டிக்கு அருகில் வைக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். இவற்றில் பலவற்றுக்கு நேரடித் தொடுதல் தேவையில்லை, உங்கள் மகளின் கையும் சட்டையும் போதும்.

மனிதருக்கு வரக்கூடியதையும் சொல்ல வேண்டும். மூளையைச் சுற்றியுள்ள உறையை அழற்சிக்குள்ளாக்கும் 'எல்.சி.எம்.' என்ற வைரஸுக்கு வீட்டுச் சுண்டெலியே இயற்கை இருப்பிடம். செல்லமாக வளர்க்கும் சுண்டெலிகளும் ஹாம்ஸ்டர்களும் வெளிச் சுண்டெலிகளோடு சேரும்போது இதைப் பெற்றுக்கொள்கின்றன; பிறகு அவற்றின் சிறுநீர், எச்சில், எச்சம் ஆகியவற்றின் வழியே வளர்ப்பவர்களுக்கு வரலாம். பெரும்பாலோருக்கு இது சாதாரணக் காய்ச்சலாகவே கடந்துபோகும். ஆனால் கர்ப்பிணிக்கு வந்தால் கருவிலுள்ள குழந்தையின் மூளையையும் கண்ணையும் கடுமையாகப் பாதிக்கும். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ கர்ப்பிணிகள் இருந்தால், அவர்கள் இந்த டப்பாவையும் தொட்டியையும் தொடவே வேண்டாம்.

இனி, துணை கிடைக்கும் என்ற எண்ணத்தைப் பார்ப்போம். சுண்டெலிகள் ஒன்றையொன்று வாசனையால் அறிகின்றன. உங்கள் மகளின் தொட்டியில் உள்ள மரத்தூள், கூடு, உணவுக் கிண்ணம் எல்லாவற்றிலும் அந்த இரண்டு பெண்களின் சிறுநீர் வாசனை ஏறியிருக்கும். அது அவற்றின் எல்லை. அந்நிய வாசனையோடு ஒன்று உள்ளே விழுந்தால், பெண்களாக இருந்தாலும் துரத்திக் கடிக்கும். வந்தது வலிமையானதாக இருந்தால் அது இவற்றைக் கடிக்கும். சண்டை தொடங்குமுன் வாலைத் தரையில் விரைவாக உதறும். காய்ந்த தாளின் மேல் விரலால் தட்டுவது போன்ற அந்தச் சத்தம் தொட்டிக்குள் கேட்டால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். காயங்கள் பெரும்பாலும் முதுகின் பின்பகுதியிலும் வாலின் அடியிலும் மயிருக்குள் மறைந்திருக்கும்; சீழ் கட்டிய பிறகே கண்ணுக்குத் தெரியும். வந்தது ஆணாக இருந்தால் கடிபடாமல் போகலாம், ஆனால் ஓரிரவிலேயே உங்கள் பெண் சுண்டெலிகள் கருவுறக்கூடும்.

வந்த சுண்டெலியின் பக்கமாகவும் ஒரு கணம் நின்று பார்க்கும்படி உங்கள் மகளிடம் சொல்லுங்கள். டப்பாவைச் சத்தமில்லாமல் தூரத்திலிருந்து கவனிக்கட்டும். மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு, மீசை மயிர்கள் விறைத்து, மூச்சு வேகமாக ஏறி இறங்க உட்கார்ந்திருக்கும்; யாராவது அருகே வந்தால் சுவரோரமாகவே ஓடும், பிறகு மூடியை நோக்கித் திரும்பத் திரும்பத் துள்ளும். வெள்ளைச் சுண்டெலி மனிதக் கையைக் கண்டு ஓடாதிருப்பது, நூற்றுக்கணக்கான தலைமுறைகளாக ஓடாதவற்றையே மனிதர் தேர்ந்தெடுத்ததால் வந்த குணம். வெளியில் வளர்ந்ததற்கு அந்த அச்சம்தான் உயிர். அதை நம் அன்பால் சில வாரங்களில் கழற்றிவிட முடியாது. உங்கள் மகள் அந்த உயிரைக் காப்பாற்றினாள், அது உண்மையிலேயே நல்ல காரியம். அதைப் போகவிடுவதும் அந்தக் காரியத்தின் ஒரு பகுதியே என்று அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

அது போன பின் டப்பாவை வெளியே வைத்துப் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். எச்சத்தை ஒருபோதும் உலர்ந்த நிலையில் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசியாகப் பறந்து மூச்சில் ஏறும். நனைத்துத் துணியால் எடுத்து, துணியையும் சேர்த்துக் கட்டிக் குப்பையில் போடுங்கள். வெள்ளைச் சுண்டெலிகளை மூன்று வாரம் கூர்ந்து கவனியுங்கள். மயிர் கலைந்து குத்திட்டு நிற்பது, முதுகை வளைத்து ஒடுங்கி உட்காருவது, மூச்சு விடும்போது க்ளிக் என்ற சத்தம், அடிக்கடி சொறிவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகவும்.

நாங்கள் குன்னூர் பக்கம் தேயிலைத் தோட்ட லயன் வீட்டில் இருக்கிறோம். நீங்கள் சேர்க்காதே என்பீர்கள். ஆனால் எங்கள் வீட்டில் அது தானாகவே நடந்துவிட்டது. இரும்புக் கம்பிக் கூண்டில் இருந்த வெள்ளைப் பெண் சுண்டெலியோடு ஒரு நாள் காலையில் வெளிச் சுண்டெலி ஒன்றும் உள்ளே இருந்தது. விரட்டிவிட்டோம். இப்போது வெள்ளைச் சுண்டெலியின் வயிறு பெருத்திருக்கிறது. குட்டிகள் எப்படி இருக்கும்? என்ன செய்ய வேண்டும்? – வாசகர், குன்னூர்

சுண்டெலியின் கர்ப்பக் காலம் 19 முதல் 21 நாள். அந்தக் காலை எந்தத் தேதி என்பது நினைவிருந்தால் பிரசவ நாளை நீங்களே கணக்கிடலாம். ஆறு முதல் எட்டுக் குட்டிகள் சாதாரணம், பத்துக்கு மேலும் போடும்.

முதலில் கூண்டை மாற்றுங்கள். வளர்ந்த சுண்டெலியின் தலை நுழையும் இடத்தில் உடல் நுழைந்துவிடும். அதற்கு ஒரு பென்சிலின் பருமனுள்ள இடைவெளி, அதாவது 6 மில்லிமீட்டர் அளவு, போதுமானது. பறவைகளுக்கென்று விற்கும் கூண்டுகளின் கம்பி இடைவெளி அதைவிட அகலமானது. ஆகவே கூண்டு பூட்டியிருந்தும் திறந்த வீடுதான். ஆழமான கண்ணாடித் தொட்டி அல்லது பெரிய பிளாஸ்டிக் பெட்டி எடுத்து, மூடியில் பெரிய சன்னல் வெட்டி, நெருக்கமான இரும்பு வலையைத் திருகாணி கொண்டு பொருத்துங்கள். கொசுவலையும் பிளாஸ்டிக் வலையும் பயன்படாது. உள்ளிருந்தோ வெளியிலிருந்தோ ஒரே இரவில் கடித்துத் திறந்துவிடும்.

விரட்டிய ஆண் திரும்பி வரும் என்று எதிர்பார்த்தே நடந்துகொள்ளுங்கள். பெண் சுண்டெலி குட்டி போட்ட ஒரு நாளுக்குள் மீண்டும் சினைப்படக்கூடியது; அப்போது ஆண் உள்ளே நுழைந்தால் பால் குடிக்கும் குட்டிகளோடு அடுத்த ஈற்றும் வயிற்றில் வளரத் தொடங்கிவிடும். துணைக்கு என்று வேறொரு வெள்ளை ஆணை இப்போது வாங்கி விடவும் கூடாது. கருவுற்ற முதல் சில நாட்களில் அந்நிய ஆணின் வாசனை பட்டாலே சுண்டெலியின் கரு தங்காமல் போகும் என்பதை ஹில்டா புரூஸ் என்ற ஆய்வாளர் 1959-இல் கண்டறிந்தார். அந்தக் கட்டம் கடந்துவிட்டிருந்தாலும், புதிய ஆண் தனக்குப் பிறக்காத குட்டிகளைக் கொல்லும் அபாயம் இருக்கிறது.

தாய்க்கு இப்போது வேண்டியவை அமைதி, கூடு கட்ட நிறையத் தாள், வழக்கமான தானியத்தோடு வேகவைத்த முட்டையில் சிறு துண்டு. பிரசவமான முதல் வாரம் கூட்டைக் கலைக்காதீர்கள். பதினாலாம் நாளை ஒட்டிக் கண் திறக்கும், மூன்றாம் வார முடிவில் பால் மறக்கும். ஐந்தாவது, ஆறாவது வாரத்திலேயே அவை இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடுவதால், நாலாவது வாரத்திலேயே ஆணையும் பெண்ணையும் பிரித்துவிடுங்கள். ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடையிலான தூரம் ஆணுக்கு ஏறக்குறைய இரு மடங்கு இருக்கும். ஒரே வயதுக் குட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு நன்றாகத் தெரியும்.

குட்டிகள் பெரும்பாலும் பழுப்பாகவே இருக்கும், ஏனெனில் வெள்ளை நிறம் ஒடுங்கு பண்பு, அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். குணத்தில்தான் நீங்கள் தயாராக இருக்க வேண்டும்: மயிர் முளைத்ததிலிருந்து தினமும் கையில் எடுத்துப் பழக்கினாலும் இவற்றில் பலவும் திடீரென்று துள்ளும், பயந்தால் கடிக்கும். ஆகவே இவற்றைச் சிறு குழந்தைகளுள்ள வீடுகளுக்குக் கொடுக்காதீர்கள். தேயிலைக்குள் விட்டுவிடவும் கூடாது. பாதி வீட்டு வழியில் வந்தது வெளியில் பிழைத்தால் உங்கள் லயனுக்கே எலிப் பெருக்கம், பிழைக்காவிட்டால் அந்த உயிருக்கு வதை. ஆண்களைத் தனித்தனியாகவும் பெண்களை ஒன்றாகவும் வைத்து, அவற்றின் ஆயுள் வரை நீங்களே வளர்ப்பதுதான் நேர்மை. ஆயுள் ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டுதான். தாய்க்குச் சிற்றுண்ணி இருக்கிறதா என்று குட்டிகள் பால் மறந்தபின் மருத்துவரிடம் காட்டுங்கள். கடையில் நாய்க்கென்று விற்கும் மருந்தை நீங்களே தடவாதீர்கள், இருபது முப்பது கிராம் எடையுள்ள உடலுக்கு அந்த அளவு நஞ்சாகிவிடும்.

டிரங்குப் பெட்டியில் இருந்த கம்பளிக்குள் கண் திறக்காத ஆறு எலிக் குட்டிகள் கிடைத்தன. எங்கள் வெள்ளைச் சுண்டெலி குட்டி போட்டு நான்கு நாள் ஆகிறது. அதனிடம் விட்டால் பால் கொடுக்குமா? – வாசகி, உதகமண்டலம்

கொடுக்கக்கூடும். ஆய்வுக்கூடங்களில் அனாதைக் குட்டிகளைத் தாய்க் கூட்டின் தாளில் புரட்டி அதன் வாசனையை ஏற்றி, வளர்ப்புத் தாயிடம் விடுவது வழக்கமான முறைதான். ஆனால் அங்கே இரு பக்கத்துக் குட்டிகளும் நோயற்றவை என்று சோதிக்கப்பட்டவை. உங்கள் வீட்டில் அந்த ஆறு குட்டிகளுக்காகச் சொந்தக் குட்டிகளையும் தாயையும் பணயம் வைப்பதாகிவிடும். ஆகவே வேண்டாம்.

தாய் உயிரோடிருந்தால் அவற்றுக்கு உங்கள் உதவி அவசியமே இல்லை. கம்பளியை முன்பிருந்தது போலவே மூடி, பெட்டியைச் சற்றுத் திறந்து வைத்து, அந்த அறையில் விளக்கையும் அணைத்துவிட்டு வந்துவிடுங்கள். கூடு கலைந்ததை உணர்ந்த தாய் ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு வேறிடம் போய்விடும். மறுநாள் பெட்டி காலியாக இருந்தால் கம்பளியை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடலாம்.

தாய் பொறியில் செத்துவிட்டது என்றால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பிறக்கும்போது ஒரு கிராமுக்குச் சற்றே கூடுதலாக இருக்கும் இந்த உயிர்களுக்குச் சொந்தமாக உடல்சூட்டைக் காக்கும் திறன் இல்லை. உதகையின் மார்கழிக் குளிரில் கூடு இல்லாமல் அவை சில மணி நேரம்கூடத் தாங்காது. இரவும் பகலும் இரண்டு மணிக்கொரு முறை பூனைக்குட்டிகளுக்கான பால்மாவைக் கரைத்துத் துளித்துளியாகத் தூரிகை நுனியில் கொடுத்து, ஈரப் பஞ்சால் வயிற்றடியைத் தடவிச் சிறுநீர் கழிக்கவைத்தாலும் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. மயிர் முளைத்து, கண் திறந்த பிறகு கிடைத்தவற்றுக்கு மட்டுமே நல்ல வாய்ப்பு உண்டு.

இன்னொன்று: அவை சுண்டெலிக் குட்டிகள்தாமா என்று பாருங்கள். மூக்கு ஊசியாக நீண்டு மேல் உதட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அவை மூஞ்சூறுகள். மூஞ்சூறு எலியினமே அல்ல. பூச்சி தின்னும் வேறு குலம். சற்று வளர்ந்ததும் தாயின் பின்னால் ஒன்றன் வாலடியை ஒன்று கவ்வியபடி வரிசையாகப் போகும். மலைவீடுகளில் சுவரோரமாக அந்த ஊர்வலத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். மூஞ்சூற்றைச் சுண்டெலிகளோடு ஒருபோதும் வைக்கக் கூடாது, அது சுண்டெலிக் குட்டியை உணவாகவே பார்க்கும்.

என் வெள்ளை எலிகளுக்குக் குளிருமா? மரக்கடையிலிருந்து மரத்தூள் வாங்கிப் போடலாமா? – ஏழாம் வகுப்பு மாணவன், கேத்தி

குளிரும், தம்பி. கேத்திப் பள்ளத்தாக்கில் உறைபனி விழும் இரவுகளில் தொட்டியைச் சன்னலோரத்திலும் வெறும் தரையிலும் வைக்காதே. மின்விளக்கைவிடக் கூடுதான் முக்கியம்: அச்சடிக்காத தாளையும் கைக்குட்டைத் தாளையும் நீளநீளமாகக் கிழித்து நிறையப் போட்டால், அவை உருண்டையாகக் கூடு கட்டி அதன் நடுவில் ஒன்றையொன்று அணைத்துத் தூங்கும். குளிரும் பசியும் சேர்ந்தால் சுண்டெலி உடல்சூட்டைத் தானே குறைத்துக்கொண்டு செத்தது போலக் கிடக்கும். அப்படி ஒன்றைக் கண்டால் தூக்கி எறிந்துவிடாதே. உள்ளங்கையில் வைத்து மெதுவாகச் சூடேற்றி, அசைந்த பிறகு உணவு கொடு. இரவு உணவு குறையாமல் இருக்கட்டும்.

மரக்கடைத் தூளில் நம் மலையில் பைனும் சைப்ரஸும் தைல மரமும் கலந்திருக்கும். வாசனையுள்ள மரங்களின் ஆவி சுண்டெலியின் மூச்சுக்குழலை உறுத்தும், ஈரலையும் பாதிக்கும். ஆகவே வேண்டாம். வெளியிலிருந்து வைக்கோலும் உலர்ந்த புல்லும் கொண்டுவந்து போட்டால் காட்டெலியின் எச்சமும் உண்ணியும் கூடவே வந்துவிடும். காட்டெலியை உள்ளே விடாமலே அதன் நோயை விட்டதாகிவிடும். கேரட்டை நன்றாகக் கழுவிச் சிறு துண்டாகக் கொடு. சாமை, தினை, ராகி எல்லாம் நல்லவை. ஊரில் விற்கும் சாக்லேட்டை மட்டும் ஒரு துளியும் கொடுக்காதே.

மாட்டிய எலியைக் கூண்டிலிருந்து மாற்றும்போது என் மகன் விரலில் கடித்துவிட்டது. வெறிநாய்க்கடி ஊசி போட வேண்டுமா? – வாசகர், கூடலூர்

கடிபட்ட இடத்தை உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்ப வேண்டாம். சுண்டெலி, எலி போன்றவற்றின் கடியால் மனிதருக்கு வெறிநோய் வருவது மிகமிக அரிது. ஆனால் கூடலூர் போன்ற காட்டோர ஊரில், கடித்தது எது என்று உறுதியாகத் தெரியாத நிலையில், ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்களோ நானோ கடிதத்தில் முடிவு செய்யக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். டெட்டனஸ் ஊசி குறித்தும் அவர்களே சொல்வார்கள்.

எலிக் கடியில் நான் உண்மையில் அஞ்சுவது வேறு சிலவற்றை. கடிபட்டுச் சில நாட்கள் கழித்துக் காய்ச்சல், மூட்டு வலி, கை கால்களில் தடிப்பு வந்தால் அது எலிக்கடிக் காய்ச்சலாக இருக்கலாம். பென்சிலின் வகை மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும். எலிச் சிறுநீர் கலந்த நீரும் மண்ணும் புண்ணில் பட்டால் வருவது லெப்டோஸ்பைரா கிருமியால் உண்டாகும் எலிக் காய்ச்சல். கண் சிவப்பும் கெண்டைக்கால் வலியும் அதன் அடையாளங்கள். மூன்றாவது, எலிகளின் உடலிலும் புதர்களிலும் வாழும் சிற்றுண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் வரும் உண்ணிக் காய்ச்சல். அக்குள், தொடை இடுக்கு, இடுப்புப் பட்டி இறுகும் இடம் ஆகியவற்றில் சிகரெட்டால் சுட்டது போன்ற கரும் பொருக்கு ஒன்று இருக்கும், வலிக்காது, நோயாளியே கவனித்திருக்கமாட்டார். டாக்சிசைக்ளின் மருந்தைக் காலத்தோடு தொடங்கினால் விரைவில் குணமாகும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. மலையில் எலியைத் தொட்ட பிறகு காய்ச்சல் வந்தால், "வீட்டில் எலி இருந்தது, பையன் தொட்டான்" என்ற ஒரு வாக்கியத்தை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் சரியான சோதனைக்கு வழிகாட்டும்.

எங்கள் தோட்டத்து மரத்தில் செம்பழுப்பு நிறத்தில், உடம்பைவிட நீண்ட வாலுடன் ஓர் அழகான குட்டி எலி இருக்கிறது. சாதுவாகத் தெரிகிறது. அதைப் பிடித்து வெள்ளைச் சுண்டெலிகளோடு வளர்க்க ஆசை. – வாசகர், வெலிங்டன்

தயவுசெய்து தொடாதீர்கள். உங்கள் வருணனையைப் பார்த்தால் அது மரத்திலேயே வாழும் நீண்டவால் மரச் சுண்டெலியாக இருக்கலாம். நம் மாவட்டத்தின் பெயரையே தாங்கிய 'வாண்டெலூரியா நிலகிரிகா' அவ்வகையைச் சேர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சில இடங்களில் மட்டுமே வாழும் அது, உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் அழியும் அபாயத்திலுள்ள இனமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. வெள்ளைச் சுண்டெலியோடு அது இணையவும் முடியாது, கூடி வாழவும் முடியாது.

நீலகிரியில் எல்லாச் சிற்றெலியும் வீட்டுச் சுண்டெலி அல்ல என்பதை இந்தப் பகுதியைப் படிக்கும் அனைவரும் மனத்தில் வைக்க வேண்டும். 1898-இல் பான்ஹோட் என்ற விலங்கியலாளர் குன்னூரில் கிடைத்த மாதிரியைக் கொண்டு 'மஸ் ஃபாமுலஸ்' என்ற கரும்பழுப்புச் சுண்டெலியை விவரித்தார். சோலைக்காட்டுக்குரிய அதுவும் இன்று அழியும் அபாயப் பட்டியலில் இருக்கிறது. தட்டையான முள் போன்ற மயிருள்ள சுண்டெலியும் வயல் சுண்டெலியும் இங்கே உண்டு. பொறிக்குள் பதுங்கிய நிலையில் இவற்றை வீட்டுச் சுண்டெலியிலிருந்து பிரித்தறிவது பழகியவருக்கே கடினம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் எலிகளையும் சுண்டெலிகளையும் கேடு செய்வனவாகக் கருதிய ஐந்தாம் அட்டவணை இருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது நீக்கப்பட்டுவிட்டது. முதுமலை, முக்குறுத்தி போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகளிலிருந்து எந்த உயிரையும் எடுத்துவர எப்போதுமே அனுமதி கிடையாது. உங்கள் மரத்தில் இருப்பதை அங்கேயே பாருங்கள், முடிந்தால் தூரத்திலிருந்து படம் எடுங்கள். மரத்தை வெட்டாமலும் எலி மருந்து வைக்காமலும் இருப்பதுதான் அதற்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

பொறியில் மாட்டிய சுண்டெலியை எங்கே விடுவது? சிலர் காட்டுக்குள் கொண்டுபோய் விடச் சொல்கிறார்கள். – வாசகி, அரவங்காடு

காட்டுக்குள் வேண்டாம். வீட்டுச் சுண்டெலி மனிதரை ஒட்டியே வாழப் பழகியது. சோலைக்குள் விட்டால் இடம் தெரியாமல் குளிரிலும் பசியிலும் சாகும், சாகாவிட்டால் அங்குள்ள சிற்றெலிகளுக்குத் தன் நோய்களைக் கொடுக்கும். வீட்டுக்கு வெளியே, விறகுக் குவியல் அல்லது கல்சுவர் போன்ற மறைவிடத்துக்கு அருகில், அந்தி நேரத்தில் திறந்துவிடுங்கள். பொறியை இரவில் வைத்தால் விடியலில் கட்டாயம் பாருங்கள். உள்ளே கொஞ்சம் தாளும் ஒரு துண்டு கேரட்டும் இருந்தால் குளிரில் சாகாது.

அது மீண்டும் உள்ளே வரும் என்பதால், விடுவதற்கு முன்பே வழியை அடைத்திருக்க வேண்டும். மலைவீடுகளில் நான் முதலில் பார்க்கச் சொல்லும் இடங்கள்: தண்ணீர்க் குழாயும் எரிவாயுக் குழாயும் சுவருக்குள் நுழையும் துளை, கணப்பு அடுப்பின் பின்புறம், மரத்தளத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள பிளவு, ஓட்டுக் கூரையின் விளிம்பு, கதவின் அடி. பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைத் துளைக்குள் இறுகத் திணித்து மேலே சிமெண்ட் பூசுங்கள்; சிமெண்ட் மட்டும் பூசினால் ஈரம் காயுமுன்பே தோண்டிவிடும். கதவடியில் தகரப் பட்டை அடிக்கலாம். செல்லச் சுண்டெலிகளின் உணவை மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள், சிந்தியதை இரவில் துடைத்துவிடுங்கள். வெளிச் சுண்டெலியைத் தொட்டியருகே இழுப்பது பெரும்பாலும் அந்தத் தானிய வாசனைதான்.

செல்லச் சுண்டெலி உள்ள வீட்டில் எலி கேக்கும் பசைத் தட்டும் கூடவே கூடாது. கேக்கில் உள்ள மருந்து இரத்தம் உறைவதைத் தடுப்பது. அதைத் தின்ற எலி சில நாட்கள் தள்ளாடித் திரிந்தே சாகும், அதைப் பிடித்துத் தின்னும் கூகையும் பூனையும் கூடப் பாதிக்கப்படும். பசைத் தட்டில் ஒட்டியது தன் காலையே கடித்துக்கொள்ளும். இரும்பு நாரும் சிமெண்டும் வாங்க ஆகும் செலவு இவற்றைவிட அதிகமில்லை, வேலையும் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும்.